இரண்டு சொட்டு

பிரிஜெட் அக்கா கல்லூரிக்குப் போனவர் அல்ல. தொம்மலூரில் எங்கள் கம்பெனியின் மாடியில் பதினோரு வருஷம் சால்டரிங் மேசையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிகளுக்கான டிரிப்ஸ் மெஷின்களுக்கு ஒயர் ஒட்டியவர். ஒட்டிக்கொண்டே, மெஷினுக்குள் ஓடும் புரோகிராமை எட்டி எட்டிப் பார்த்து, நாற்பதாவது வயதில் எழுதவும் கற்றுக்கொண்டார். இன்ஜினியரிங் படித்துவிட்டு நாங்கள் எழுதுகிற கண்றாவியைவிட அவருடையது சுத்தமாக இருக்கும். அவர் வேலையில் இருந்தவரை இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கோப்பில் ஒரே ஒரு கணக்குத்தான் எழுதுவார். "ஒரே டப்பால அரிசியும் பருப்பும் சேத்தா போடுவே நீ?" என்பார். கன்னடம் பேசும் அந்த மாடியில் தமிழர்கள் நாங்கள் இருவர்தான். மத்தியானச் சாப்பாடு ஒன்றாக. முதல் நாளே என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டார். தருமபுரியிலிருந்து வந்து தனியாகக் கிடந்த எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

பெயர் வைக்கும் தந்திரத்தைப் பீற்றிக்கொண்டவன் நான்தான். புரோகிராமில் இரண்டு இடத்தில் ஒரே பெயர் வந்தால் வம்பு. ஆங்கிலத்தில் வைத்தால் எவனாவது ஏற்கெனவே வைத்திருப்பான்.

"நான் தமிழ்ல வெச்சிடுவேன்க்கா. இந்த ஆபீஸ்ல எவன் வந்து மோதப்போறான்?"

"கில்லாடிப்பா நீ," என்று சிரித்தார்.

அடுத்த வருஷம் குழந்தைகளுக்கான மெஷின் வந்தது. ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்ற கணக்கை எழுதியவர் பிரிஜெட் அக்கா. குழந்தைகளின் குழாயில் அறுபது சொட்டு. அந்தக் கணக்குக்கு ஆங்கில எழுத்தில் 'சொட்டு' என்றே பெயர் வைத்தார். பெரியவர்களின் மெஷினுக்கு நான் எழுதியிருந்த பழைய கணக்கிலும், இருபது சொட்டுக்கு, அதே பெயர். எனக்கே அது மறந்துபோயிருந்தது. திரையில் எழுத்து காட்டும் என் தொகுப்பின் மூலையில் அது தனிக் கோப்பாகச் சும்மா கிடந்தது.

துண்டு துண்டாக எழுதியதையெல்லாம் சேர்த்து ஒரே புரோகிராமாகத் தைப்பது லிங்கர் என்ற ஒன்றின் வேலை. நாம் கொடுக்கும் பட்டியலில் முதலிலிருந்து தேடும். கேட்ட பெயர் கிடைத்ததும் எடுத்துக்கொள்ளும், பின்னால் அதே பெயரில் இன்னொன்று நிற்கிறதா என்று பார்க்காது. அக்கா குடியிருக்கும் சிவாஜிநகரில் தெருவுக்குப் பத்து மேரி; மேரி என்று கூப்பிட்டால் முதலில் நிற்கிற மேரி வந்துவிடுவாள், அப்படித்தான். பட்டியலில் பிரிஜெட் அக்காவின் தொகுப்பு முன்னால் இருந்தவரை எல்லாம் சரியாக ஓடியது. செப்டம்பரில், அழகாக இருக்கட்டுமே என்று, பட்டியலை நான் அகர வரிசையில் அடுக்கினேன். என்னுடையது முன்னால் வந்தது.

அக்டோபரில் ஒரு நர்ஸிங் ஹோமில் தண்ணீர் வைத்துச் சோதித்தார்கள். போக வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் போயிற்று. நல்லவேளை, எந்தக் குழந்தைக்கும் மாட்டவில்லை. எங்கள் மேனேஜர் ராகேஷ் ஒரே கேள்விதான் கேட்டார். சொட்டுக் கணக்கு யாருடையது?

பிரிஜெட் அக்கா என்னிடம் வந்தார். "தனியா ஓட்டினா சரியா வருது. மெஷின்ல போட்டா தப்பா வருது. நீ ஒரு வாட்டி பாரேன்."

பத்து நிமிஷம் பார்த்தேன். அவருடைய கோப்பை மட்டும். அதில் தப்பில்லை என்று தெரிந்தும், வேறெங்கே என்று தேட எனக்குப் பொறுமை இல்லை. அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார் ராகேஷ். புதுப் பெயரில் எழுதினேன். மெஷின் கச்சிதமாக ஓடியது. பிரிஜெட் அக்கா தப்பு செய்ததற்கு அதுவே அத்தாட்சி ஆகிவிட்டது.

"நோடி, பாருங்க மேடம், தப்பு என்னோடதுன்னு ஒரு லெட்டர் மட்டும் கொடுங்க," என்றார் ராகேஷ்.

"என் பேரு கெட்டுடும்பா," என்றார் அக்கா என்னிடம். இத்தனை வருஷத்தில் அவர் சம்பாதித்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

"எழுதிக் குடுத்துடுங்கக்கா, முடிஞ்சிரும்," என்றேன்.

எழுதிக் கொடுத்தார். நவம்பரில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு தணிக்கைக்காக அந்தப் பழைய புரோகிராமைத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது. எதை எங்கிருந்து எடுத்தேன் என்று லிங்கர் எழுதிவைக்கும் குறிப்பை அச்செடுத்தேன். சொட்டு என்ற வரிக்கு நேராக என் தொகுப்பின் பெயர் இருந்தது. அவர் மட்டும் மற்றவர்களைப்போல எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டியிருந்தால், வேறொரு கணக்குக்காக அந்தக் கோப்பு முழுசாக உள்ளே வந்து, இரண்டு சொட்டும் மோதி லிங்கர் அங்கேயே கத்தியிருக்கும். அவருடைய சுத்தமே அவரைக் கவிழ்த்துவிட்டது.

அன்றைக்கே அவர் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏப்ரலில் பதவி உயர்வு வரவிருந்தது. பயந்தேன், அவ்வளவுதான். வந்தபிறகும் இரண்டு மாதம் தூங்கிக் கழித்துவிட்டு, ஜூனில் ராகேஷிடம் சொன்னேன். மறுநாள் சிவாஜிநகர் போனேன்.

கதவைத் திறந்தது அவர் மகள் ஸ்னேஹா. "அம்மா இப்ப எதையும் நம்புறதில்லண்ணா. கேஸ மூடினமா, பூட்டினமான்னு மூணு வாட்டி பாக்குறாங்க," என்றாள்.

லிங்கர் குறிப்பை அச்செடுத்த காகிதத்தைப் பிரிஜெட் அக்காவிடம் கொடுத்தேன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

"அப்போ என்னோடது ஓடவே இல்லியா?"

"உள்ளயே போகலக்கா."

"ஸ்னேஹா, என்னோடது சரிதான்டி! நான் சொன்னேன்ல?" குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான். பட்டியலை மாற்றியவன் நான் என்று சொன்னேன். "விடுப்பா, நீ வேணும்னேவா செஞ்சே?" என்று என் தோளைத் தட்டினார்.

பிறகு அவர் விரல் தாளின் மேல்மூலைக்குப் போய் நின்றது.

"இது பிப்ரவரி ஒன்பதுன்னு போட்டிருக்கே."

விரலை எடுக்காமலே பேசினார்.

"மார்ச்சுல ஒயிட்ஃபீல்டுல ஒரு கம்பெனில கூப்ட்டாங்க. கேட்டதுக்கெல்லாம் சரியா சொன்னேன். முன்ன இருந்த இடத்த எதுக்கு விட்டீங்கன்னாங்க. குழந்தைங்க மெஷின்ல தப்புக் கணக்கு போட்டுட்டேன்னு நானே சொன்னேன். பொய் சொல்லக் கூடாதுல்ல?"

காகிதத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார்.

"டீ போடுறேன். குடிச்சிட்டுப் போங்க சார்."