வெளிநாட்டுக்கு ஒரு மெசேஜ்

கோரிப்பாளையம் ரீசார்ஜ் கடையில் அவரைப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி, கசங்கிய கைலி, கையில் பட்டன் போன். அன்று காலைதான் அவர் மனைவி இறந்திருந்தார். மகனுக்குத் துபாயில் கட்டட வேலை. வேலை இடத்தில் போன் பேச விடமாட்டார்கள், மெசேஜ் பார்க்கலாம். மகன் வருவதென்றால் அடக்கத்தை மறுநாள்வரை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மதியத் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

மெசேஜ் போகவே இல்லை.

"அன்லிமிடெட்னு சொல்லித்தானப்பா போட்டுவிட்ட?" என்றார்.

"அது நம்ம நாட்டுக்குள்ள பாய். வெளிநாட்டுக்கு ஒரு மெசேஜுக்கு அஞ்சு ரூவா. தனியா டாப்-அப் போடணும்," என்றார் கடைக்காரர்.

சாவுச் செய்திக்கும் தனிக் காசு பிடுங்குகிற கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாய் திட்டவில்லை. டாப்-அப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே தட்டி அனுப்பினார். எட்டிப் பார்த்தேன். 'சாப்பிட்டியா?' என்று மட்டும் இருந்தது.

"என்ன பாய், நேரம் போகுது! விசயத்தச் சொல்லாம சோத்தக் கேக்குறீக?" என்றேன்.

"சொல்லிட்டா இன்னிக்குப் பூராம் சாப்பிட மாட்டான்ப்பா."

பதில் வந்தது. 'இல்ல அத்தா, இப்பத்தான் உக்காரப் போறேன்.'

பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிடித்து உலுக்கலாம் போலிருந்தது எனக்கு. அது பாசமா, கிறுக்குத்தனமா என்று இன்றும் பிடிபடவில்லை. ஆனால் மகன் சாப்பிட்டு முடிக்கும் அந்தக் கால்மணி நேரம் நானும் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றேன்.