அட்வான்ஸில் கழிந்த ஆறு மாதம்

மீனா பி.காம். முடித்தபோது அவளுக்கு வயது முப்பத்து நான்கு. தபால் வழியில் மூன்று வருடப் படிப்பு. அவளுக்கு ஐந்து வருடம் பிடித்தது. செல்லூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, பகலெல்லாம் துண்டு மடித்து லேபிள் ஒட்டிக் கொடுப்பாள். கீழே வீட்டுக்காரர் ஹரிராமின் இரண்டு தறிகள் ஓடும் சத்தத்திலேயே படித்து, இரண்டு பேப்பரை மறுபடி மறுபடி எழுதித் தேறினாள்.

பட்டம் கையில் வந்த வருடம்தான் அவள் கணவன் முத்துப்பாண்டிக்கு முதுகு போனது. பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை அவனுக்கு. இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு கடையில் உட்கார்ந்து சீட்டு எழுதினான். முன்பு வாங்கிய கூலியில் பாதிகூட வரவில்லை.

கூடப் படித்த காவ்யஸ்ரீ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தாள். அவள் சொல்லித்தான் அங்கே கணக்குப் பிரிவில் மீனாவுக்கு வேலை கிடைத்தது. மாதம் பதினாறாயிரம். நவம்பர் முதல் தேதி சேர வேண்டும்.

குடும்பத்தோடு போய்விடுவது என்றுதான் முதலில் முடிவானது. அங்கே வீட்டுக்கு அட்வான்ஸ், சாமான் ஏற்ற வண்டி, மகள் தமிழ்வாணிக்குப் புதுப் பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் மீனா நம்பியிருந்தது ஒன்றைத்தான். ஹரிராமிடம் கொடுத்து வைத்திருந்த முப்பதாயிரம் அட்வான்ஸ்.

அவள் கேட்டபோது ஹரிராம் தறியை நிறுத்தினார். ஒன்றை நிறுத்தினார், பிறகு மற்றொன்றையும்.

"உக்காரும்மா."

"இல்லண்ணே, நிக்கிறேன். நாங்க மாசக் கடைசில காலி பண்றோம். அட்வான்ஸ் குடுத்தீங்கன்னா அங்க வீடு பாத்துருவோம்."

ஹரிராம் வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒன்கிட்ட மறைக்கிறதுக்கு என்னம்மா இருக்கு. நாகமணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணோம்ல, அதுல போயிருச்சு. புதுசா யாராச்சும் குடிவந்தா வாங்கித் தரலாம். மாடி ஒழுகுது, வந்து பாக்குறவுக திரும்பிப் போயிருவாக. கையில அம்புட்டு இல்லம்மா."

அவர் மனைவி நாகமணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனவளே மீனாதான். சத்தம் போட்டுக் கேட்கலாம் என்று படியிறங்கும்போது நினைத்திருந்தாள்.

"வாடக தராம இருந்துக்கங்க," என்றார் அவர். "மாசம் அய்யாயிரம், ஆறு மாசத்துக்கு ஆச்சு. அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம். எனக்கு வேற வழி தெரியலம்மா."

அன்றைக்குச் சாப்பிடும்போது முத்துப்பாண்டிதான் அதை உடைத்துச் சொன்னான். "அப்ப நீ மட்டும் போ மீனா. நானும் பாப்பாவும் இங்கன இருந்து கழிக்கிறோம். பரீச்சையும் முடிஞ்சுரும்."

"ஒங்களுக்கு முதுகு வலிச்சா யாரு பாத்துக்குவா?"

"வலிச்சா படுத்துக்கிறேன். அதுக்கு நீ என்ன செய்யப் போற?"

அவன் கோபத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியபோது அவளிடம் இரண்டு பைகள்தான் இருந்தன. லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு அறைக்கு நான்கு பேர். மற்ற மூவரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண்கள். அவளை அக்கா என்றார்கள். கம்பெனியில் அவளைவிடப் பத்து வயது சின்னவன் ஒருவன் கம்ப்யூட்டரில் பில் போடச் சொல்லிக் கொடுத்தான். முதல் மாதம் அடித்ததையே திரும்பத் திரும்ப அடித்தாள். ஹாஸ்டலுக்குத் திரும்பினால் கண் எரியும். காலை நீட்டி உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை பஸ் ஏறிச் செல்லூருக்கு வருவாள். வந்ததும் இரண்டு வாரத் துணி, எண்ணெய் பிசுக்கேறிய அடுப்பு, தண்ணீர்க் குடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பியாக வேண்டும்.

"தூங்குறதுக்காம்மா இம்புட்டு தூரம் வந்த?" என்று ஒருமுறை தமிழ்வாணி கேட்டாள். மகளுக்குத் தலைவாரிக்கொண்டே மீனா கண்ணயர்ந்திருந்தாள். சீப்பு முடியிலேயே நின்றிருந்தது.

சம்பளத்தில் ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் கணவனின் மாத்திரைக்கும் போக மிஞ்சியதைச் சேர்த்தாள். மார்ச் மாதம் திருப்பூரில் ஒரு லைன் வீடு பார்த்து இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டினாள். கட்டிய பிறகு வண்டி வாடகைக்குக் காசில்லை. மார்க்கெட்டில் காய்கறி ஏற்றும் சங்கிலி, முத்துப்பாண்டியின் பழைய கூட்டாளி, தன் குட்டியானை வண்டியில் கொண்டுவருவதாகச் சொன்னான். டீசலுக்கும் டோலுக்கும் கொடுத்தால் போதும் என்றான். அதற்கும் மூவாயிரத்துச் சொச்சம் ஆகும்.

ஏப்ரல் கடைசி வாரம் முத்துப்பாண்டி போன் செய்தான்.

"பீரோவக் குடுத்துட்டேன் மீனா."

"யாருக்கு?"

"பழைய சாமான் கடைக்கு. ரெண்டாயிரத்து எண்ணூறு குடுத்தான். வண்டிக்கு வேணும்ல."

மூன்று வருடம் துண்டு மடித்த காசில் அவள் வாங்கிய பீரோ அது.

"மீனா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். நல்ல வேளை, அங்க வீட்டுல எடமும் இல்ல," என்றாள். "உள்ள இருந்த சர்டிபிகேட்டெல்லாம் எடுத்தீகளா?"

"எடுத்துட்டேன். பாப்பா பையில இருக்கு."

சாமான் வந்த நாளில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாதம் முடிய இரண்டு நாள், கணக்கு முடிக்கிற நேரம். வேலை முடிந்து லைன் வீட்டுக்கு வந்தபோது ஏழரை மணி இருக்கும். சங்கிலி வண்டியோடு போய்விட்டிருந்தான். பாத்திர மூட்டைகள், கட்டில் கம்பிகள், பிளாஸ்டிக் குடங்கள் எல்லாம் முன்னறையில் குவிந்து கிடந்தன. முத்துப்பாண்டி சுவரோரம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

"எதையும் தூக்குனீகளா?"

"இல்ல. அவன் என்னத் தொட விடல."

அவன் முகத்தைப் பார்த்தாலே ஒன்றிரண்டைத் தூக்கியிருக்கிறான் என்று தெரிந்தது. தமிழ்வாணி கடையில் இட்லி வாங்கி வைத்திருந்தாள். மூவரும் பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"நாளைக்குக் காலைல வேலைக்குப் போகணுமாம்மா?" என்றாள் மகள்.

"ஆமா. எட்டரைக்கு."

"அப்ப இதெல்லாம்?"

மீனா மூட்டைகளைப் பார்த்தாள். அடுப்பு எந்த மூட்டையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கை கழுவ எழுந்தாள்.