அட்டையின் வயிற்றில் இருந்த கிருமி

அப்போது எங்கள் வீடு சைதாப்பேட்டையில், ஆற்றை ஒட்டிய குடிசைகளில் ஒன்று. என் வீட்டுக்காரருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், தகடு வெட்டும்போது வலது கைக் கட்டைவிரல் துண்டாகிவிட்டது. கூட இருந்தவர்கள் விரலைப் பையில் சுற்றி, ஐஸில் வைத்து, நந்தனம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவரோடு கொண்டுபோனார்கள். தைத்து ஒட்டினார்கள்.

மறுநாள் விரல் நாவற்பழ நிறமானது. டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். "உள்ள போற ரத்தம் திரும்பி வர வழி இல்லம்மா. அட்டை விட்டு உறிஞ்ச வெச்சாதான் விரல் பிழைக்கும்" என்றார். மயிலாப்பூரில் அட்டை வளர்க்கும் சித்த வைத்தியர் ஒருவரின் விலாசத்தைக் கொடுத்தார்.

வாய்க்குத் துணி கட்டிய பாட்டிலோடு பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னாம்மா அது, நெளியுது?" என்றாள். "அட்டை" என்றேன். எழுந்து முன்னால் போய்விட்டாள். எனக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

அட்டையை விட்ட பிறகு, அது விரலை விட்டு வேறெங்கும் ஊர்ந்து போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. குடித்து முடித்ததும் தானாக விழும். விழுந்த பிறகும் ரத்தம் கசியும். பஞ்சை மாற்றிக்கொண்டே இருப்பேன். அடுத்த அட்டை வரும். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண் சொருகும். "யம்மா, முழிச்சுக்கோ, மணிக்கட்டுக்குப் போய்க்கினு கீது பாரு" என்று வார்டு ஆயா அதட்டுவாள்.

விரல் மெல்லச் சிவந்தது. அப்பாடா என்று நினைத்த வேளையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. விரல் வீங்கிச் சீழ் வைத்தது. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"அட்டை வயித்துக்குள்ளயே ஒரு கிருமி குடியிருக்கும்மா. குடிச்ச ரத்தம் கெட்டுப்போகாம, செரிக்க அதுதான் உதவி செய்யுது. அட்டைக்கு அதனால ஒரு கெடுதியும் இல்ல. நம்ம புண்ணுல இறங்கினா இப்படி ஆயிடும்" என்றார் டாக்டரம்மா.

கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "அப்போ நீ வாங்கினு வந்தியே, அதான் எனக்கு ஜொரம் குடுத்துச்சா?"

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். டாக்டரம்மாதான், "அவங்க வாங்கிட்டு வரலன்னா அன்னிக்கே விரல் போயிருக்கும்" என்றார். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. நகத்தோடு நுனி மட்டும் கருகிப்போனது, அதை வெட்டி எடுத்தார்கள். மீதி விரல் நின்றது, ஆனால் மடங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவரால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு நான் அப்டி கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

"சரி, ஆடாம நில்லு" என்றேன்.

அவர் பட்டறைக்கு, வேறு வேலை ஏதாவது தருவார்களா என்று கேட்கப் போனார். நான் பாயை விரித்துப் படுத்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேனோ, தெருமுனையில் தண்ணி லாரியின் ஹாரன் கேட்டது. அவர் திரும்பி வந்திருந்தாலும் ஒரு கையால் அவரால் குடம் தூக்க முடியாது. எழுந்து போனேன்.