ஜாதிபத்திரி மேசையில் முடியாத நாவல்

1. கடைசி வரி

நாவலின் கடைசி வரியை வாசித்து நான் புத்தகத்தை மூடியபோது, மேசையைச் சுற்றியிருந்த ஒன்பது பெண்களின் கைகளும் நின்றுவிட்டன. மட்டாஞ்சேரி குடோனில் பதினாறு வருடமாக எடை போடுகிறேன். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கை நிறுத்தி அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் குடோனில் ஜாதிபத்திரி பிரிப்பது பெண்கள் வேலை. முழுப்பூ ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம். ஃபோனை வாசலில் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பாட்டு கிடையாது, சீரியல் கிடையாது. அதனால் மூன்று மணிச் சாயாவுக்குப் பிறகு, தராசு சும்மா இருக்கும் நேரத்தில், நான் கதை வாசிப்பேன். அவர்கள் எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பள்ளியில் படித்தது மலையாளம். நான் ஐந்தாவது வரை தமிழில் படித்தவன். நாலு பேர் முன்னால் சொந்தமாக ஒரு வார்த்தை பேச எனக்கு நாக்கு எழும்பாது. பிறர் எழுதியதை வாசிக்க மட்டும் வெட்கமில்லை. மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்காருவேன். அங்கே எனக்கு இருந்த மரியாதை அந்தப் பெட்டிதான்.

அந்த நாவலை பிராட்வே நடைபாதையில் வாங்கினேன். பால் வாங்கப் போன ரகு இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. அவன் மனைவி தாமரையை ஒரு டாக்டர் விரும்புகிறார். ரகுவை அந்த டாக்டரே கொன்றிருப்பாரோ என்று நமக்குச் சந்தேகம் வருகிறது. கடைசியில் மழை, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ‘தாமரை தாழ்ப்பாளை விலக்கினாள்.’ அதோடு கதை முடிந்தது.

“அப்புறம்?” என்றார் லட்சுமி அக்கா. மேசைக்கு மூத்தவர் அவர்தான்.

“இல்லைக்கா. அவ்வளவுதான்.”

“எந்து அவ்வளவுதான்? பதினெட்டு நாள் காத கொடுத்து கேட்டுருக்கேன். வந்தது யாரு?”

“டாக்டர்தான்,” என்றாள் ஷீபா. இருபத்திரண்டு வயசு, வாய் அதிகம். “எனக்கு இது மதி, போதும். நான் டாக்டர்னு நெனச்சுக்கிறேன்.”

“கொலைகாரனையா நெனைக்கிற? போலீஸா இருக்கும்டீ,” என்றாள் இன்னொருத்தி.

எழுதியவனைத் திட்டினார்கள். கடைக்காரனைத் திட்டினார்கள். கடைசியில் ஷீபா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “சேட்டா, கடைசிப் பேஜ்ல கடுகட்டி எழுத்து ஏதும் வந்துச்சா? வாசிக்க வராம விட்டுட்டீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் பெட்டியை விட்டு எழுந்து தராசுக்குப் போய்விட்டேன்.

2. மணிகண்டன்

மணிகண்டன் போடியிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சாக்குத் தூக்குகிற வேலை. பன்னிரண்டாவது வரை படித்தவன். “நான் பாக்கட்டாண்ணே?” என்று கேட்டான். என் பதிலுக்குக் காத்திருக்காமல் பெட்டியில் உட்கார்ந்தான்.

தாமரைக்கு ஒரு குரல், மழைக்கு ஒரு குரல். தாழ்ப்பாளை விலக்கியதோடு அவன் நிற்கவில்லை. வாசலில் ரகு நிற்கிறான். தாடி வளர்ந்திருக்கிறது. கையில் ஒரு பால் பாக்கெட். “கடை அடைச்சிருந்துச்சு தாமரை, அதான் நேரமாயிருச்சு” என்கிறான்.

ஷீபா கைதட்டினாள். லட்சுமி அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தராசின் பக்கத்தில் நின்ற எனக்கு அவன் கையிலிருந்த பக்கம் தெரிந்தது. அதில் இருந்தது பதிப்பகத்தின் மற்ற புத்தகங்களின் பட்டியல்.

மறுநாள் சாயாவுக்குப் பிறகு பெட்டியில் அவன் உட்கார்ந்தான். புதுக் கதை. நான் தராசைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். அவன் இருமினால் சந்தோஷமாக இருந்தது. தப்பாக ஒரு வரி வாசிக்க மாட்டானா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

3. தப்பு முத்திரை

அப்படி நின்ற நாளில்தான் எனக்குத் தப்பு நடந்தது. சாக்குகளில் ஸ்டென்சில் வைத்து மை தடவுவதும் என் வேலை. முழுப்பூ சாக்குகளுக்கு உடைசல் முத்திரையும், உடைசலுக்கு முழுப்பூ முத்திரையும் அடித்துவிட்டேன். பாதியில் சந்தேகம் வந்து, எது எங்கே என்று எனக்கே குழம்பிவிட்டது. பதினாலு சாக்கையும் பிரித்து மேசையில் கொட்ட வேண்டியதாயிற்று. பெண்கள் ஒரு முழு நாள் செய்த வேலையைத் திரும்பச் செய்தார்கள். அன்று கதை இல்லை.

“எடா பரமா, உனக்கு என்னாச்சு?” என்றார் லட்சுமி அக்கா.

பதினாறு வருடத்தில் முதல்முறையாக அந்த மேசைக்கு முன்னால் சொந்தமாக நாலு வரி பேசினேன். “அவன் வாசிச்சது புத்தகத்துல இல்ல. பால் பாக்கெட் இல்ல, ரகு இல்ல. எல்லாம் கள்ளம்.”

மணிகண்டன் தலையைக் குனிந்தான். மேசையில் யாரும் அதிர்ச்சியடையவில்லை.

“அறியும், எங்களுக்குத் தெரியும்,” என்றார் அக்கா. “அவ்வளவு நேரம் வாசிச்சான், ஒரு பேஜாவது மறிச்சானா, திருப்பினானா? நாங்க கையப் பாத்து வேலை செய்றவங்க இல்லியா? கேக்க நல்லா இருந்துச்சு, கேட்டோம்.”

“அப்போ என் பெட்டிய ஏன்...” என்றேன்.

“உன்ன எழும்பச் சொன்னது யாரு? ஷீபா ஒரு தமாஷ் சொன்னா, நீயா எழும்பிப் போனே. காலியா ஒழிஞ்சு கிடந்த பெட்டியில அவன் இருந்தான்.”

“சாரி சேட்டா,” என்றாள் ஷீபா. பிறகு, “எனக்கு இப்பவும் டாக்டர்தான்,” என்றாள்.

சாயங்காலம் எல்லாரும் கை கழுவப் போன பிறகு அக்கா தராசுக்கு வந்தார். “உள்ளதைச் சொல்லு. புக்குல அவ கதவத் தொறந்தாளா?”

“தாழ்ப்பாளை விலக்கினாள்னு மட்டும்தான்க்கா இருக்கு.”

“விலக்கினா இல்லே? மதி,” என்று போய்விட்டார். புத்தகத்தில் உள்ளது என்ன என்று கேட்க அவர் மணிகண்டனிடம் போகவில்லை.

இப்போது நான் வாசிக்கிறேன். முடிவு பிடிக்கவில்லை என்று மேசை சொன்னால் மணிகண்டன் எழுந்து வேறு முடிவு சொல்கிறான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் உள்ள பாடம் இதுதான்: எழுந்திரு என்று யாராவது சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள். பொறாமையோடு ஸ்டென்சிலைத் தொடாதீர்கள்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அந்தக் கதவை நினைத்தால் எனக்கும் ரகுதான் வருகிறான், கையில் பால் பாக்கெட்டோடு. அது எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.