அம்மா போட்ட ஓட்டைகள்

என் கணவர் காட்லீப்புக்கு இரும்புத் தொப்பிகள்மேல்தான் உயிர். பின்னலாடை ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது ஓய்வே இல்லாமல் பழைய பட்டாளத்து ஹெல்மெட்டுகளைப் பழுதுபார்க்கிறார். உச்சியில் பித்தளைக் கூர்முனை வைத்த பேரரசர் கைசர் காலத்துத் தோல் தொப்பியும் உண்டு, இரண்டு உலகப் போர்களின் இரும்பும் உண்டு. சாப்பாட்டு மேசையில் எப்போதும் நாலைந்து காய்ந்துகொண்டிருக்கும். நாங்கள் அடுக்களையில் நின்றபடி சாப்பிடுவோம். தூசி தட்டித் தட்டி எனக்கு அலுத்துவிட்டது.

கெட்ட மனிதர் இல்லை. நெளிவை உள்ளிருந்து மெல்லத் தட்டி எடுப்பார், துரு போக நாள் கணக்கில் தேய்ப்பார். பெற்ற மகளுக்குக்கூட அவ்வளவு பொறுமையாகத் தலைவாரி விட்டதில்லை. நாஜிச் சின்னத்தை வெளியில் காட்டுவது எங்கள் நாட்டில் குற்றம்; அது இருந்தால் அதன்மேல் காகிதம் ஒட்டித்தான் பழம்பொருள் சந்தைக்குக் கொண்டுபோவார்.

என்னிடமும் ஒரு ஹெல்மெட் இருந்தது. அடுப்படி ஆணியில் தொங்கும். போர் முடிந்ததும் எங்கள் ஊர்ப் பட்டறையில் மிஞ்சிய ஹெல்மெட்டுகளில் ஓட்டை போட்டு, வடிதட்டாக்கி விற்றார்கள். துளை போடும் இயந்திரத்தில் நின்றவள் என் அம்மா. அப்பா ரஷ்யப் போர்முனையிலிருந்து திரும்பவில்லை. அம்மா தன் கையால் துளைத்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இத்தனை ஓட்டை இருந்தா இனிமே எவன் தலைக்கும் ஆகாதுடி" என்றாள்.

அதில்தான் நான் இத்தனை காலமும் உருளைக்கிழங்கு வடித்தேன். இந்தக் கதையை காட்லீப்பிடம் ஆரம்பித்தால், பாதியிலேயே "அது எந்த வருஷத்து மாடல்?" என்பார்.

போன மாதம் ஆணி காலியாக இருந்தது.

"எங்கய்யா போச்சு?"

"உன் அடுக்களை, எனக்கென்ன தெரியும்?"

பானை மூடியைச் சாய்த்து வடித்துக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

என் பிறந்தநாளன்று, அவரைப்போலவே ஹெல்மெட் சேர்க்கும் மருந்துக்கடை ஈகோன் கேக்கோடு வந்தார். காட்லீப் மேசைமேலிருந்த துணியை விலக்கினார். புதுச் சாம்பல்பச்சை வண்ணம், உள்ளே புதுத் தோல், தாடைவார். என் வடிதட்டு முழு ஹெல்மெட்டாகிவிட்டது.

"ஓட்டை எங்க இருந்துச்சு, கண்டுபிடி பாப்போம்!"

"பூதக்கண்ணாடி வச்சாலும் தெரியாதும்மா" என்றார் ஈகோன்.

"எவனோ குடிகாரப்பய போட்டிருக்கான் எல்ஸ்பெத். ஒரு வரிசைகூட நேரா இல்ல. அத்தனையும் அடைச்சுட்டேன்" என்றார் காட்லீப் என்னிடம்.

"எவனோ இல்ல. எங்கம்மா."

ஈகோன் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காட்லீப் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ சொல்லியிருக்கே, இல்ல?"

"கல்யாணம் ஆனதிலிருந்து."

கத்தவேண்டும் போலிருந்தது. தெம்பில்லை. அம்மாவின் கைபட்டது என்று வேறு எதுவும் என்னிடம் இல்லை.

அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்னாலிருந்த தன் பட்டறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அதை மேசையிலிருந்த இரும்புப் பிடியில் இறுக்கி, துளைக்கருவியை ஓடவிட்டார். கை மட்டும் இறங்கவில்லை. வாழ்நாளில் ஒரு ஹெல்மெட்டில் கீறல்கூடப் போட்டதில்லை அவர்.

"என்னால முடியல."

"தள்ளு."

கருவியை வாங்கி உச்சியில் அழுத்தினேன். கை அதிர்ந்தது. வண்ணம் சுருள்சுருளாகப் பறந்தது. அம்மாவும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. கருவியை நிறுத்தாமல் அடுத்ததையும் போட்டேன்.

"கோணலாப் போகுது" என்றார், பழக்கதோஷம்.

"போகட்டும்."

அவர் பிடியைத் தளர்த்தி, அடுத்த ஓட்டைக்கு ஹெல்மெட்டைத் திருப்பி வைத்தார்.