மூன்றாவது அளவு

இருபது வருடமாக அக்காவின் தையல்கடையில் துணி வெட்டுகிறேன். நான் எடுத்த அளவை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. தானும் அளப்பாள். இரண்டும் ஒத்துவராவிட்டால், முந்தைய அளவுகளைச் சொல்லாமல் மூன்றாவது ஆளை அளக்கச் சொல்வாள். அதுவரை துணியில் கத்திரி படாது.

போன மாதம் அவளுடைய மார்பகப் பரிசோதனைப் படத்தைப் பார்த்த ஒரு டாக்டர், "ஒண்ணுமில்ல, அடுத்த வருஷம் வாங்க" என்றார். இன்னொருவர், "சந்தேகமா இருக்கு, உடனே சதை எடுத்துப் பாக்கணும்" என்றார்.

"ரெண்டு பெரிய படிப்பும் உன்ன மாதிரிதான்டா அளந்திருக்கு" என்று சிரித்தாள். அன்று ஒரே பொத்தானை மூன்று தரம் தப்பாகத் தைத்தாள்.

இன்று மூன்றாவது டாக்டரின் அறை வாசலில் படத்தை என் கையில் திணித்தாள்.

"இத மட்டும் குடு. அந்த ரெண்டு பேரு சொன்னத உளறித் தொலைக்காத, எரும."