மாமாவின் வான்கல்லும் உம்மாவின் மசக்கையும்

சபர் என்று வெளிநாட்டு வேலைக்குப் போய் லீவில் ஊர் திரும்பும் மாமாக்கள் சென்ட்டும் தைலமும் கொண்டுவருவார்கள். என் மாமா கல் கொண்டுவந்தார். ஓமான் பாலைவனத்தில் லாரி ஓட்டியவர் அவர். அங்கே வான்கல் தேட வந்த யாரோ அன்பாகக் கொடுத்த துண்டாம். எலுமிச்சம்பழ அளவில், அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக இருந்தது. "எல்லாரு வூட்டுக்கும் சாமான் வருது, நம்ம வூட்டுக்குக் கல்லு வந்திருக்கு" என்று உம்மா தன் தம்பியைக் கேலி செய்தாள். மாமா அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஷோகேஸில் வைத்தார்.

அப்போது நான் இரண்டாவது படித்தேன். காரைக்கால் பக்கம் நெரவியில் எங்கள் வீடு. வாப்பா துபாயில். உம்மா புள்ளத்தாச்சி. மாமா செக்கப்புக்குக் கூப்பிட்டால் வெயில் சாயட்டும் என்பாள், சாய்ந்ததும் நாளைக்கு என்பாள். மசக்கை மாதங்கள் தாண்டியும் என் சிலேட்டுப் பல்பக்குச்சிகளைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மாமா அந்தக் கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டுவார். புதுமழை மண்ணின் வாசம் வரும். அதுதான் வினையாகிப்போனது. மாமா ஜும்ஆவுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, உம்மா கல்லின் ஓரத்தை நகத்தால் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டேன்.

"மாமாகிட்ட சொல்லிராதம்மா. வாயி கேக்குது" என்றாள்.

நான் சொல்லவில்லை. ஆனால் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று மாமாவிடம் நைசாக விசாரித்தேன். விசாரிக்காமலே இருந்திருக்கலாம். களிமண், கரி, கொஞ்சம் இரும்பு, களிமண்ணுக்குள் அடைபட்ட தண்ணீர் என்றார். சூரியன் உண்டான காலத்துத் தூசி ஒன்றாகத் திரண்டு, எந்தக் கிரகத்திலும் சேராமல் மிஞ்சியதாம், பூமியைவிட மூத்ததாம். உயிர் உண்டாகத் தேவையான சரக்கும் அதில் இருக்கிறது என்று வேறு சொல்லி முடித்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மாவின் வயிற்றில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு உயிர் முளைத்தால் இடம் போதுமா? பூமிக்கே மூத்தது எந்த முகத்தோடு பிறக்கும்? உம்மா உட்காரும்போதெல்லாம் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல் சிறுத்துக்கொண்டே வந்தது, உம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஜாடி பக்கம் மாமா போனாலே ஏதாவது சொல்லி அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஒருநாள் மாடிப்படி ஏறும்போது உம்மா மூச்சு வாங்கி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஜாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவுக்கு ஓடி ஆட்டோ கூப்பிட்டார்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் உம்மாவைச் சோதித்த டாக்டரம்மா மாமாவைத் தனியே அழைத்தார். நானும் மாமாவின் கையைப் பிடித்தபடி போனேன்.

"ஒடம்புல ரத்தமே இல்லீங்க. அதான் மண்ணு, கல்லுன்னு கேட்டிருக்கு. பிரசவம் வரைக்கும் இப்புடியே விட்டிருந்தா அவங்க உயிரு தங்கியிருக்காது."

எனக்கு அதில் பாதி புரியவில்லை. உம்மாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். உள்ளே போன கல்லைக் கழுவத்தான் ஏற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாமா வராந்தாவில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அழுவாதீங்க மாமா. உம்மா முழுசாத் திங்கலை, பாதிக் கல்லு இருக்கு" என்றேன்.